சாரல் விழுவதற்கு முன்: குற்றாலத் தோப்பு வீட்டைச் சீசனுக்குத் தயார் செய்ய முழுமையான வழிகாட்டி

தென்காசிப் பக்கத்தில் ‘சீசன்’ என்றால் எந்தச் சீசன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வைகாசி போய் ஆனி வரும்போது மலையில் மேகம் இறங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும், சாரல் விழும், அருவியில் தண்ணீர் கொட்டும். ஆவணி வரை இதே கதைதான். இலஞ்சி, மேலகரம், ஆயிரப்பேரி, மத்தளம்பாறை என்று குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தோப்புக்குள் வீடு வைத்திருப்பவர்கள் பலர் அந்த மூன்று மாதமும் அதை வாடகைக்கு விடுகிறார்கள். எங்களுடையதும் அப்படி ஒன்று. தாத்தா கட்டிய ஓட்டு வீடு, மூன்று அறை, மேற்கே பார்த்த திண்ணை, பின்னால் கிணறு, சுற்றிலும் தென்னை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஆட்கள் வெயிலுக்குப் பயந்து போகிறார்கள். இங்கே நனைவதற்கென்றே வருகிறார்கள். வருகிறவர்கள் ஈரத்தோடு உள்ளே நுழைவார்கள், வெளியே இருக்கிற ஈரமும் உள்ளே வரப் பார்க்கும். ஆகவே இந்த வீட்டுக்கான வேலைத் திட்டத்தில் முதல் விதி ஒன்றுதான்: காய வேண்டிய எந்த வேலையையும் கத்திரி வெயிலுக்குள் முடித்துவிட வேண்டும்.

நாள் கணக்கு

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. அதை நம்பி மே கடைசி வாரத்துக்கு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். 2025-இல் மழை மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைகள் ஆறும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு மெத்தையைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்ற நான்கையும் பிரித்துப் பஞ்சைக் கொட்டி, புது உறை தைத்து அடைக்க ஆன செலவு, ஒரு வார வாடகையைத் தின்றுவிட்டது.

அதிலிருந்து என் கணக்கு இப்படி: ஏப்ரல் பாதியில் கூரையும் கழிவுத் தொட்டியும். மே முதல் வாரத்தில் சுண்ணாம்பு, தச்சு வேலை, மின்சாரம். மே 20-க்குள் மெத்தை, தலையணை, தண்ணீர்த் தொட்டி. அதற்கு அப்புறம் துடைப்பதும் அடுக்குவதும் மட்டும். ஓடு வேய்கிறவரும் கொத்தனாரும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் தேவைப்படுவார்கள். பங்குனி உத்திரம் முடிந்ததுமே ஆளைப் பிடித்து நாளைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

கூரையில் தொடங்குங்கள்

கீழே பெருக்கி மெழுகிவிட்டு மேலே ஓடு மாற்றினால், அத்தனை குப்பையும் திரும்பக் கீழே வரும். அதனால் வேலை எப்போதும் மேலிருந்து கீழே.

நடுப்பகலில் அறைக்குள் போய்க் கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு உடைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே தரையில் சாக்கட்டியால் குறி போடுங்கள். பிறகு முகட்டு ஓட்டின் சுண்ணாம்புப் பூச்சு வெடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பாருங்கள். ஒழுக்கு பாதிக்கு மேல் முகட்டிலிருந்துதான் வருகிறது, நாமோ சுவரோரத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

கூரையில் நீங்களே ஏறாதீர்கள். நான் ஒருமுறை ஏறப் போனபோது ஓடு வேய வந்த பெரியவர் சொன்னது: “கைமரம் எங்க ஓடுதுன்னு பாத்துட்டுல்லா கால் வைக்கணும் அண்ணாச்சி, ஓடு உம்ம வெயிட்ட தாங்காது.” (கைமரம் என்றால் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்.) ஓடு வேய்கிறவர்கள் ஏணியைக் கூரைமேல் படுக்கப் போட்டு அதன்மேல்தான் நகர்கிறார்கள்.

மாற்று ஓடு வாங்கும்போது பழைய ஓட்டின் அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு கொஞ்சம் மாறும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பள்ளத்தில் பள்ளம் உட்காராது, அந்த இடைவெளி போதும் சாரலுக்கு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் அதே முத்திரை கிடைத்தால் ஐம்பது ஓடு கூடவே வாங்கி அடுக்கி வையுங்கள். மேற்கு ஓர வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) கட்டிவிடுவது நல்லது. கணவாய்க் காற்று அந்தப் பக்கத்தைத்தான் தூக்கும். தாவாரத் தகரத்தில் அடைந்திருக்கும் சருகை அள்ளிவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.

இங்கே சாரல் நேராக விழாது, சாய்ந்து வரும். திண்ணைக்கு மேற்கே மூங்கில் தட்டி தொங்கவிடாவிட்டால் ஜூலையில் திண்ணையில் உட்கார முடியாது.

சுவரும் கதவும்

உப்புப் பூத்த சுவரின்மேல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு, ஒரு மாதத்தில் உரிந்து வரும். தளர்ந்த பூச்சைச் சுரண்டி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடும், பிளாஸ்டிக் பெயிண்ட் அதை உள்ளேயே அடைத்துப் பூஞ்சை பிடிக்க வைக்கும்.

மே மாதம் கச்சிதமாகப் பொருந்துகிற கதவு ஜூலையில் மூடாது. மரம் ஈரத்தில் ஊதும். ஆசாரியிடம் நிலைக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் விட்டு இழைக்கச் சொல்லுங்கள். குளியலறைக் கதவுக்கு இன்னும் கொஞ்சம் கூட. விருந்தாளி உள்ளே மாட்டிக்கொண்டு தட்டுவதும், நாம் கடப்பாரையோடு ஓடுவதும் வேண்டாத வேலை. கரையான் வந்த இடத்தில் மண் பாதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கைமர முனைகளிலும் நிலையின் அடியிலும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுங்கள். அதன் வாடை போக இரண்டு வாரம் ஆகும், கைபட்டால் தோல் வெந்துபோகும். உறை போட்டுக்கொண்டு பூச வேண்டும், மே மாதத்துக்குத் தள்ளாமல் சீக்கிரமே பூசிவிட வேண்டும்.

தண்ணீர்

குளிக்க அருவி இருக்கிறதே என்று வீட்டுத் தண்ணீரை அசட்டையாக விடக் கூடாது. பன்னிரண்டு பேர் வந்து இரண்டு நாள் தங்கும் வீட்டில் ஒருவருக்கு வயிறு கெட்டால் போதும், அடுத்த சீசனுக்கு அந்த ஊர்க்காரர்கள் யாருமே வரமாட்டார்கள்.

மாடித் தொட்டியைக் காலி செய்து, அடியில் படிந்த சேற்றை அள்ளி, சோப்பில்லாமல் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் புது ப்ளீச்சிங் பவுடர் கணக்கில் போட்டு, எல்லாக் குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். வாடையுள்ள தண்ணீர் குழாய்க்குள்ளும் நிற்க வேண்டும். மறுநாள் காலி செய்து நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள்.

பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். போன வருடம் பிரித்து வைத்த பாக்கெட்டில் வீரியம் இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கழிவறை கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும். துப்புரவுக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கிணற்றுக்குக் கணக்கு வேறு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதைத் தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுங்கள். எல்லாம் மீட்டரில் இருந்தால் விடை கன மீட்டர், ஒவ்வொரு கன மீட்டரும் 1000 லிட்டர். குடிநீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் இருக்கும், அதற்கு 70 கிராம். சாயங்காலம் தெளிவைக் கரைத்து வாளியால் இறக்கிக் கலக்கிவிட்டு, மறுநாள் காலையில் மோட்டார் போடுங்கள். தூர் வாரக் கிணற்றுக்குள் ஆள் இறக்குவதானால் அது பழகிய கிணற்று ஆட்களின் வேலை. அடியில் கெட்ட காற்று நிற்கும், தெரியாமல் இறங்கினால் ஆள் திரும்ப வரமாட்டார்.

கழிவுத் தொட்டி

செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் வீட்டுக்காரர்களுக்குப் போதும். சீசன் வீட்டில் மூன்று மாதத்துக்குள் நூற்றுக்கணக்கானவர் வந்து போவதால் நான் வருடம் தவறாமல் மூடியைத் திறந்து கசடு எவ்வளவு என்று கம்பு விட்டுப் பார்க்கிறேன். எடுப்பதானால் ஏப்ரலில் எடுத்துவிடுங்கள். ஜூலையில் தோப்புப் பாதை சேறாகிவிட்டால் லாரி உள்ளே வராது. உள்ளாட்சியில் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். மனிதரை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம்.

மின்சாரம்

ஈரக் காலும் ஈரக் கையுமாக ஆட்கள் நடமாடும் வீட்டில் இதற்குச் சிக்கனம் பார்ப்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் வேறு எதை வாங்குவதற்கும் முன் அதை மாட்டுங்கள். எம்.சி.பி. மட்டும் இருந்தால் போதாது. கம்பி எரியாமல் அது காக்கும், மனிதரைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்று விழ வேண்டும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த் குழி வெயிலில் காய்ந்திருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்துச் சரி செய்யச் சொல்லுங்கள்.

வெந்நீர் ஹீட்டரை ஓடவிட்டு, தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் தென்னை மட்டை உரசினால் மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும். காற்று நாட்களில் மின்சாரம் போவது சகஜம், அதனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் அந்த இன்வெர்ட்டரிலேயே இருக்கட்டும். மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு இந்தப் பக்கம் இணையம் நன்றாகவே இருக்கிறது, லேப்டாப்போடு வருகிற ஆட்களும் கூடியிருக்கிறார்கள்.

எண்ணெய் என்னும் பெரும் பிரச்சினை

வெளியூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது தெரியாது. குற்றாலம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்க வேண்டும் என்பதே ஆசை. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கத் தடை இருக்கிறது. சரி, அப்போது என்ன செய்வார்கள்? நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேய்த்துக்கொள்வார்கள். தரையெல்லாம் நல்லெண்ணெய், குளியலறைக் குழியெல்லாம் சீயக்காய், தலையணை உறையில் மஞ்சள் வட்டம்.

‘எண்ணெய் தேய்க்கக் கூடாது’ என்று பலகை மாட்டிப் பார்த்தேன், பயனில்லை. இப்போது கிணற்றடியில் அதற்கென்றே ஓர் இடம் வைத்துவிட்டேன். சொரசொரப்பான கல் பாவிய தரை, மேலே தகரக் கூரை, உட்கார இரண்டு பலகை, ஒரு வெந்நீர் அண்டா, சுவரில் கைப்பிடிக் கம்பி. தண்ணீர் போகும் வாய்க்காலில் ஒரு சின்னத் தொட்டி கட்டி எண்ணெய் மேலே மிதந்து நிற்கும்படி செய்திருக்கிறோம், அதை வாரம் ஒருமுறை வழித்தெடுக்க வேண்டும். இதைச் செய்த வருடத்திலிருந்து குளியலறை அடைப்பு என்று பிளம்பரைக் கூப்பிட்டதே இல்லை.

உள்ளே ரெட் ஆக்சைடு தரை இருந்தால் எண்ணெய் பட்டதும் கண்ணாடிபோல் வழுக்கும். வெந்நீரில் சலவை சோடா கரைத்துத் துடையுங்கள். ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும். துண்டுகளை அடர் நிறத்தில் வாங்குங்கள், வெள்ளைத் துண்டின் அழகு ஒரு வாரம்தான். மங்குஸ்தானையும் மறந்துவிடாதீர்கள். சீசன் பழம் என்று கிலோக் கணக்கில் வாங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்து உரிப்பார்கள், அந்தத் தோலின் கறை துணியில் பட்டால் போகவே போகாது. திண்ணையில் ஒரு மேசையும் தோல் போட ஒரு வாளியும் வைத்தால் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்து தின்பார்கள்.

மெத்தையும் துணியும்

மெத்தைகளைக் கத்திரி வெயிலில் மூன்று நாள் போட்டு, திருப்பிப் போட்டு, கம்பால் தட்டி, மாலை ஐந்து மணிக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். (வானத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். என்னைப்போல் வேண்டாம்.) பிறகு நீர் இறங்காத உறை போட்டு, அதன்மேல் விரிப்பு.

மற்ற ஊர்களில் ஒரு கட்டிலுக்கு மூன்று ஜோடி விரிப்பு போதும்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். இங்கே சாரல் நாளில் துணி காய இரண்டு நாளாகிறது, ஆகவே நான்கு ஜோடி வேண்டும். அல்லது தென்காசியில் உலர்த்தும் மெஷின் உள்ள சலவைக் கடையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளின் ஈரத் துணிக்குக் கூரைக்கடியில் நீளமாகக் கொடி கட்டுவது அவசியம். கொடி இல்லையென்றால் உங்கள் நாற்காலி, ஜன்னல், ஃபேன் எல்லாம் கொடியாகிவிடும்.

ஆறு பேர் என்று பதிவு செய்துவிட்டு வேனில் பதினோரு பேர் வந்து இறங்குவது வாடிக்கை. கூடுதல் கோரைப்பாயும் ஜமக்காளமும் போர்வையும் வைத்திருங்கள், கூடுதல் ஆளுக்கு எவ்வளவு என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அலமாரியில் அந்துருண்டை வாடை பலருக்குப் பிடிப்பதில்லை. வெட்டிவேர்க் கட்டு போதும்.

தோப்பு

தேங்காய் பறிப்பைச் சீசனுக்கு முன்னால் ஒருமுறை முடித்து, காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் சேர்த்து இறக்கிவிடுங்கள். மேல்காற்றில் விழும் ஒரு காய் கார் கண்ணாடியை உடைக்கும், மண்டையை உடைத்தால் இன்னும் மோசம். வண்டி நிறுத்துமிடத்தைத் தென்னைக்கு அடியில் வைக்கவே கூடாது.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவுக்கு மேல் இருக்க வேண்டும், மேலே இரும்பு வலை போட்டுப் பூட்ட வேண்டும். குழந்தைகள் வரும் வீடு.

விறகுக் குவியல், உடைந்த ஓட்டுக் குவியல், தேங்காய் மட்டைக் குவியல் இவை மூன்றும் பாம்புக்கு வீடு. வாசலிலிருந்து தள்ளி வையுங்கள். கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பி வலை போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்துத் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி எழுதி ஒட்டுங்கள். குரங்குகளுக்கு ஜன்னல் வலையும் தொட்டி மூடிக்கு ஒரு கொக்கியும். சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு ஒரு வாரத் தேக்கம் போதும்.

அடுப்படி

கூட்டமாக வருகிறவர்கள் சமையல்காரரையும் கூட்டி வருவார்கள். பெரிய அடுப்பு ஒன்று, இட்லிச் சட்டி, தோசைக்கல், இரண்டு அண்டா, அரிவாள்மனை, நல்ல கத்தி போதும். இருபது வகைப் பாத்திரம் வைத்தால் எண்ணி வாங்குவதே வேலையாகும். வாடகை வீட்டில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் வைக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள்: ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் வரை, கூடவே வருடம். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தீப்பெட்டி சாரலில் நமுத்துப் போகும், லைட்டர் வையுங்கள். உப்பு ஜாடியில் கொஞ்சம் அரிசி போடுங்கள்.

காகிதம், காவல்காரர், பலகை

சுற்றுலாத் துறைப் பதிவு, உள்ளாட்சி வரி, மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்க வேண்டும் என்பது, இவை மூன்றையும் சீசனுக்கு முன் நேரில் போய்க் கேட்டுச் சரி செய்யுங்கள். தங்குகிறவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டும்.

காவல்காரர் குடும்பத்தோடு சம்பளம், விடுமுறை, துப்புரவுக்குத் தனிப் பணம் எல்லாவற்றையும் மே மாதமே பேசி முடியுங்கள். ஞாயிறு மதியம் ஒரு கூட்டம் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் அடுத்த கூட்டம் வரும்போது, அவர்தான் வீட்டை நிமிர்த்துகிறார்.

திண்ணையில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள்: பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள், போலீஸ் விசில் அடித்தால் உடனே வெளியேற வேண்டும், கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது சீசன்கூடத் தொடங்காத ஒரு நாளில்தான்.

போனில் “தண்ணி விழுதா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். விழாத நாளில் விழவில்லை என்றே சொல்லுங்கள். முன்பணத்தை வேறு வாரத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் ஒரு ராத்திரி

எல்லாம் முடிந்ததும் முதல் முன்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, குடும்பத்தோடு போய் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்குங்கள். சொந்தக்காரராக இல்லாமல், வாடகை கொடுத்தவர்போல. இருட்டியபின் பிரதான சாலையிலிருந்து வழி கண்டுபிடித்து வாருங்கள். எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் குளியுங்கள். ஒவ்வொரு கட்டிலிலும் பத்து நிமிடம் படுங்கள்.

போன வருடம் அப்படித் தங்கியபோது தெரிந்தவை: தெற்கு அறை ஃபேன் மூன்றாம் எண்ணில் கிறீச்சிடுகிறது, திண்ணை விளக்கின் சுவிட்ச் இருட்டில் கைக்கு அகப்படவில்லை, செல்போன் சார்ஜ் போடக் கட்டிலருகே பிளக் இல்லை, நள்ளிரவில் ஓட்டின்மேல் மரநாய் ஓடுகிற சத்தத்துக்கு என் அக்கா மகன் எழுந்து அழுதான். முதல் மூன்றையும் மறுநாளே சரி செய்துவிட்டோம். மரநாய்க்குக் கூரையோரம் சாய்ந்திருந்த பலாக் கிளையை வெட்டினோம். இந்த வருடம் வேறு ஏதோ வழியில் ஏறுகிறது.